கீசர் தெர்மோஸ்டாட்டை ‘டைரக்ட்’ பண்ணலாமா?

கேள்வி: 15 லிட்டர், 2000 வாட் கீசர். போட்ட 5 நிமிடத்தில் மஞ்சள் விளக்கு அணைந்துவிடுகிறது, தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. தெர்மோஸ்டாட் போய்விட்டது, டைரக்ட் பண்ணிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீசியன். செய்யலாமா?

வேண்டாம். டைரக்ட் என்றால், சூடு ஏறியதும் கரண்டைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டு ஒயரை நேராக இணைத்துவிடுவது. இதே கேள்விக்கு ஒரு மார்கழியில் “சரி” என்று தலையாட்டி மாட்டிக்கொண்டவன் நான்.

எங்கள் வீடு மதுரையில் ஐயர் பங்களா பக்கம். போர்த் தண்ணீர்தான். குழாய் முனையில் வெள்ளை பூத்து நிற்கும், எவர்சில்வர் வாளியைத் தேய்த்துத் தேய்த்து அம்மாவுக்கு அலுத்துவிட்டது. மூட்டு வலிக்காரர், காலையில் வெந்நீர் இல்லாமல் முடியாது. கீசர் இதே மாதிரி மக்கர் பண்ண, வந்த எலக்ட்ரீசியன் தம்பி மூடியைக் கழற்றிய இரண்டாவது நிமிடமே, “அண்ணே, தெர்மோஸ்டாட் அவுட்டு. டைரக்டா கொடுத்துர்றேன், அது பாட்டுக்கு ஓடும்” என்றார். இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இரண்டு நாள் ஜோராக ஓடியது. மூன்றாம் நாள் அம்மா ஸ்விட்சை அணைக்க மறந்துவிட்டார். குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாத சூடு, குளியலறை முழுக்க ஆவி. நல்லவேளை, வாளியில்தான் பிடித்தார். அதற்கப்புறம் கீசர் மொத்தமாக நின்றுபோனது. மிதமிஞ்சிய சூட்டில் தானே துண்டிக்கும் கட்-அவுட் விழுந்திருந்தது. டைரக்ட் பண்ணினால் கரண்டைத் துண்டிக்க மிச்சமிருக்கும் காவல் அது ஒன்றுதான். அதையும் சேர்த்து டைரக்ட் பண்ணிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள்.

இப்போது உங்கள் 5 நிமிடத்துக்கு வருவோம். 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற, 2000 வாட்டுக்குக் கிட்டத்தட்ட 17 நிமிடம் வேண்டும். 5 நிமிடத்தில் 10 டிகிரிகூட ஏறாது. அதாவது தண்ணீரைச் சூடாக்கும் காயில் (சுருள்) வேலை செய்கிறது, தெர்மோஸ்டாட்டும் துண்டிக்கிறது, ஆனால் அவசரப்பட்டுத் துண்டிக்கிறது. ஏன் என்பதுதான் விஷயம்.

கம்பி மாதிரி நீளமாக இருக்கும் வகை தெர்மோஸ்டாட் என்றால் வெளியே பித்தளைக் குழாய், உள்ளே இன்வார் (நிக்கல் கலந்த இரும்பு) கம்பி. பித்தளை சூட்டில் நீளும், இன்வார் நீளவே நீளாத மாதிரி. 7 அங்குலக் கம்பி 40 டிகிரி ஏறினால் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 0.13 மில்லிமீட்டர். அந்த மயிரிழைதான் காண்டாக்டைத் திறந்து கரண்டை நிறுத்துகிறது. (இன்வாரைக் கண்டுபிடித்த கில்யோமுக்கு 1920-ல் இயற்பியல் நோபலே கொடுத்தார்கள்.) இந்தக் கம்பி, காயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குழாய்க்குள் செருகியிருக்கும். உப்புத் தண்ணீரில் காயிலுக்கும் அந்தக் குழாய்க்கும் இடையே சுண்ணாம்பு பாலம் கட்டிவிட்டால், தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிவது தண்ணீரின் சூடு இல்லை, காயிலின் சூடு. “போதும்” என்று அணைத்துவிடும். அதன் மேல் தப்பே இல்லை.

எனக்கு நடந்தது அதுதான். கழற்றிப் போட்ட தெர்மோஸ்டாட்டை மல்டிமீட்டரில் வைத்தேன், பீப் வந்தது, அதாவது தொடர்பு இருக்கிறது. கொதிக்கவைத்த தண்ணீரில் கம்பியை மட்டும் முக்கினேன், ‘டிக்’ என்று பீப் நின்றது. ஆறியதும் திரும்ப வந்தது. நல்ல உருப்படி. காயிலை வெளியே எடுத்தபோது உடைந்த கிளிஞ்சல் மாதிரி உழக்குக்கு மேல் கொட்டியது. அந்தத் தம்பி அதைத் திறந்தே பார்க்கவில்லை.

நீங்களே இறங்குவதானால், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, எம்சிபியை (மெயின் போர்டில் உள்ள தானியங்கி ஸ்விட்ச்) இறக்கி டெஸ்டர் வைத்துப் பாருங்கள். தண்ணீர் வரும் வால்வை மூடி, டாங்கியைக் காலி செய்துவிட்டுக் காயிலைக் கழற்றுங்கள். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த வெந்நீரில் சுருளை மட்டும் ஊறவிட்டால் சுண்ணாம்பு நுரைத்து விடும், சுத்தியலால் தட்ட வேண்டாம். மல்டிமீட்டரில் காயில் 26 ஓம் பக்கம் காட்ட வேண்டும், காயில் முனைக்கும் உறைக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் காயிலைத் தூக்கிப் போடுங்கள். டாங்கி துருப்பிடிக்காமல் தான் கரையும் மக்னீசியக் கம்பி கரைந்துபோயிருந்தால் அதையும் மாற்றுங்கள். கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) புதிது போடுங்கள், பழையது கண்டிப்பாகக் கசியும்.

வெந்நீர்க் குழாயில் தண்ணீர் நிறைந்து கொட்டிய பிறகே கரண்ட் கொடுங்கள், வெறும் டாங்கியில் காயில் கருகிவிடும். கை நடுங்குகிறது என்றால் வேறு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, “காயிலைக் கழற்றிப் பாருங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அதே 5 நிமிடத்தில் அணைந்தால் அப்போது தெர்மோஸ்டாட் வாங்கலாம். கம்பி நீளம் மாறினால் பொருந்தாது, பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.