கத்திக்கு முன்னால் ஊசி

கேள்வி: என் அக்காவுக்கு 44 வயது. திருவாடானை பக்கம் கிராமம். நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிறார். இடது மார்பில் புளியங்கொட்டை மாதிரி இருந்த கட்டி ஐந்து மாதத்தில் எலுமிச்சை அளவு ஆகிவிட்டது. வலி இல்லை. டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் “40 ஆயிரம் கட்டுங்கள், எடுத்துவிடலாம்” என்கிறார்கள். தெரிந்த ஒருவர், பெரிய ஆஸ்பத்திரியில் தனக்கு ஆள் இருக்கிறது என்று முன்பணம் கேட்கிறார். எங்கள் ஊரில் இரண்டு பெண்கள் இதே நோயில் போய்விட்டார்கள். மார்பகப் புற்றுநோயில் சாவு குறைந்துவிட்டது என்று படித்தேன். அது பணக்காரர்களுக்கு மட்டும்தானா டாக்டர்?

பதில்: முதலில், யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள் சகோதரி. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அக்காவை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அறுவைச் சிகிச்சைப் பிரிவில் ஓ.பி. சீட்டுப் போட்டு, “கட்டி ஐந்து மாதமாக வளர்கிறது, சதை டெஸ்ட் எடுக்க வேண்டும்” என்று நீங்களே சொல்லுங்கள். பெரும்பாலான மார்புக் கட்டிகள் புற்றுநோய் இல்லை. ஆனால் 44 வயதில், வலியில்லாமல் வளர்கிற கட்டியை அப்படி நம்பிக்கொண்டு உட்கார முடியாது.

பணக்காரர்களுக்கு மட்டும்தானா என்றால், இன்றைய நிலையில் கிட்டத்தட்ட ஆமாம். அமெரிக்காவில் 1989க்குப் பிறகு இந்த நோயின் இறப்பு விகிதம் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்கைப் பாருங்கள். மிகவும் முன்னேறிய நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது, 71 பேரில் ஒருவர் இறக்கிறார். மிகவும் பின்தங்கிய நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கண்டுபிடிக்கப்படுகிறது, ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார். வருவது குறைவு, சாவது அதிகம். இந்தியாவில் 2022இல் புதிதாகச் சுமார் 1.92 லட்சம் பேர், இறந்தவர்கள் சுமார் 98 ஆயிரம். ஏழைக்கென்று தனிப் புற்றுநோய் எதுவும் வருவதில்லை. அது வெளியே தெரிந்து டாக்டர் கைக்கு வருவதற்குள் மாதங்கள் போய்விடுகின்றன.

நோயைச் சீக்கிரம் சந்தேகித்துக் கண்டுகொள்ளப் பெரிய மெஷின்கூட அவசியமில்லை. மும்பையின் எளிய குடியிருப்புகளில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து டாடா நினைவு மருத்துவமனை 20 ஆண்டுகள் ஆய்வு செய்தது. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்ததிலேயே, 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இந்த நோயால் நேர்ந்த சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. நம்மிடம் கை இல்லையா? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. நாடு முழுவதும் பார்த்தால் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அந்தப் பரிசோதனைக்கும் ஒரு படிவம் இருக்கிறது, ஒரு கட்டம் இருக்கிறது, தொட்டுப் பார்க்காமலே டிக் அடித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

இனி அந்த நர்சிங் ஹோம். என் சர்வீஸில் நான் அதிகம் கோபப்பட்டது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். என்ன கட்டி என்று தெரியாமலே கீறி எடுத்துவிடுவார்கள். ஒரு தாய் என்னிடம் வந்தபோது கையில் இருந்த காகிதத்தில் “கட்டி அகற்றப்பட்டது” என்று ஒரே வரி. கட்டி எங்கே என்று கேட்டேன். பாட்டிலில் கொடுத்தார்களாம், சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போடாமல் உப்புத் தண்ணீரில். அழுகிய சதையை வைத்து சதையைச் சோதிக்கும் எந்தப் பெத்தாலஜிஸ்ட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. ஹார்மோன் மாத்திரை கேட்குமா, கீமோ என்கிற புற்றுநோய் மருந்தை முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கியிருக்கலாமா, எல்லாம் அந்தப் பாட்டிலோடு போயிற்று. இரண்டாவது முறை கத்தி வைத்தோம்.

ஆகவே முதலில் மார்பகத்துக்கான எக்ஸ்ரேயான மேமோகிராம், ஸ்கேன், பிறகு ஊசி வழியாகச் சதை எடுக்கும் பயாப்ஸி. மரக்கவைக்கும் மருந்து போட்டுச் சில நிமிடத்தில் முடிகிற காரியம். “ஊசி குத்தினால் பரவிவிடும்” என்று ஊரில் சொல்வார்கள், பரவாது. கட்டியைக் கரைக்கிற லேகியமும் கிடையாது.

வலியில்லாமல் வளர்கிற கட்டியை நம்பி உட்கார முடியாது என்று சொன்னேன். வலியோடு வருகிற புற்றுநோயும் உண்டு, உங்கள் அக்காவுக்குப் பொருந்தாது, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. பால் கொடுக்கும் பெண்ணுக்கு மார்பு சிவந்து, சூடாகி, வலித்தால் பால் கட்டிக்கொண்டது என்பார்கள். பெரும்பாலும் அதுதான். ஆன்டிபயாட்டிக்கில் வாரத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டு வாரமாகியும் அடங்கவில்லை, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி விழுகிறது என்றால் மூன்றாவது பாட்டில் மருந்து வாங்காதீர்கள். அது புற்றுநோயாகவும் இருக்கலாம், அந்த வகை வேகமாக ஓடும். “பச்சை உடம்புக்காரி, சின்ன வயசு” என்று சொல்லியே மாதங்களைக் கழித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்கேன், பயாப்ஸி இரண்டையும் பால் கொடுக்கும்போதே செய்யலாம்.

அடுத்து, ‘ஆள் இருக்கிறது’ என்று முன்பணம் கேட்பவர். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இலவசம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் போதும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை போட்டுத் தருகிறேன், பெட் பிடித்துத் தருகிறேன் என்பவனுக்கு வாசலில் வேலையே இல்லை. திட்டத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரி மேற்கொண்டு பணம் கேட்டால் 1800 425 3993க்குப் போன் செய்யுங்கள். அந்த வருமானச் சான்றுக்கு மூன்று முறை அலையவிடுவார்கள், தெரியும். கூலியை விட்டுவிட்டு வருகிறவளை அலையவிடுகிறோமே என்ற எண்ணம் நம் ஆபீஸ்களுக்கு இன்னும் வரவில்லை. அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். சான்றுக்கு வீட்டில் வேறு யாராவது அலையட்டும்.

புற்றுநோய் என்றே முடிவு வந்தால் மதுரைக்கு அனுப்புவார்கள். அங்கே பாலரெங்காபுரத்தில் அரசு மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. ஆபரேஷன், கீமோ, கரண்ட் என்று ஊரில் சொல்கிற கதிர்வீச்சு எல்லாம் முடிய மாதக்கணக்காகும். கட்டி போய்விட்டது, உடம்பு தேறிவிட்டது என்று கரண்ட் வைக்காமல் களையெடுக்கத் திரும்பியவர்கள் பலர். சிகிச்சைக்கான ரயில் பயணத்துக்கு டாக்டரின் சான்று காட்டினால் ஸ்லீப்பரில் நோயாளிக்கு டிக்கெட் இலவசம், துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள், கேட்டு வாங்குங்கள்.

முதல் முறை டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் இன்னதென்று தெரிந்துவிட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் ஊரில் ரிப்போர்ட் மேஜையிலேயே தூங்கும். பயாப்ஸி எடுத்த அன்றே எந்தத் தேதிக்கு ரிப்போர்ட் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் போன் செய்யாதீர்கள், நேரில் போய் நில்லுங்கள்.