ரோபோ வேக்யூம் கிளீனருக்கு ரூம் எப்படித் தெரியுது?
மேப்பிங்னா சுவர் எங்க, கட்டில் கால் எங்க, தான் எங்க நிக்குதுன்னு மெஷினே படம் போட்டுக்கிறது. நிறைய மாடல்ல தலைல ஒரு குட்டி வட்டம் இருக்கும்ல, அதுக்குள்ள லேசர் செகண்டுக்கு 5 தடவை போல சுத்தி, பட்டுத் திரும்பற வெளிச்சத்த வச்சு தூரத்த அளந்துட்டே இருக்கும், கூடவே சக்கரம் எத்தன சுத்து உருண்டுச்சுன்னும் எண்ணும். ஏன் ரெண்டும்னா சக்கரம் கார்பெட்ல வழுக்கும், கணக்கு தப்பும், லேசர் அதத் திருத்தும். கரண்ட் போன ராத்திரி சுவரத் தடவி, காலடி எண்ணி கிச்சனுக்குப் போவோமே, அதே தான். 2010ல வந்த நீட்டோ எக்ஸ்வி-11ங்கற ரோபோ வேக்யூம்லயே இந்த லேசர் மேப்பிங் இருந்துச்சு. கண்ணாடிக் கதவு மட்டும் லேசருக்குச் சரியாத் தெரியாது, அங்க முட்டித் தான் தெரிஞ்சுக்கும், அதுக்குத் தான் முன்னாடி பம்பர். அப்புறம் அந்தச் சுத்துற வட்டத்த கேமரான்னு நிறைய பேர் பயப்படறாங்க, அது கேமரா இல்ல, உங்க முகம் அதுக்குத் தெரியாது. கேமரா வச்ச மாடல் வேற.