ஓவனைச் சுத்தம் செய்யும் முன்: மும்பை வாசகர்களின் கேள்விகள்

ஓ.டி.ஜி. (ஓவன்-டோஸ்டர்-கிரில்) உள்ளே எண்ணெய் தெறித்துக் கருப்பாகப் படிந்திருக்கிறது. கடையில் விற்கும் ஓவன் ஸ்ப்ரே அடிக்கலாமா? (செம்பூர்)

வேண்டாம். அந்த ஸ்ப்ரேக்களில் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கிறது. அது தோலையும் கண்ணையும் பொசுக்கும், அலுமினியத்தை அரிக்கும். பல ஓ.டி.ஜி.க்களின் உட்சுவர் அலுமினியம் பூசிய தகடுதான். தெளிக்கிற திரவம் துளைகள் வழியாக ஒயர் பக்கமும் போய்விடும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, ஓவன் நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். ட்ரேயையும் கம்பித் தட்டையும் வெந்நீரில், பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டு ஊற வையுங்கள். உட்சுவரில் ஆப்பசோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தடவி, அரை மணி நேரம் கழித்து ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் அலுமினியம் கறுத்துப்போகலாம். சூடாகும் ராடுகளில் படக் கூடாது. கம்பி நாரும் கூடாது: உதிர்கிற துணுக்கு உள்ளே மாட்டி ஷார்ட் ஆகலாம். இரண்டு மூன்று தடவை செய்தும் லேசான பழுப்புக் கறை மிஞ்சினால் விட்டுவிடுங்கள், அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

வினிகரையும் ப்ளீச்சையும் கலந்தால் சீக்கிரம் போகும் என்கிறார்களே? (டோம்பிவிலி)

தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கழிவறை ஆசிட்டை ப்ளீச்சோடு கலந்தாலும் அதேதான். நம் ஃப்ளாட்டுகளின் சின்னச் சமையலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். தப்பித் தவறிக் கலந்துவிட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். மூச்சு முட்டினால் டாக்டரிடம் போங்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமும் இதைக் கட்டாயம் சொல்லி, கையுறை வாங்கிக் கொடுங்கள். அவர் கையும் கைதானே.

மழைக்காலத்தில் கம்பித் தட்டு துருப் பிடிக்கிறது. (மாட்டுங்கா)

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இந்த ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். கழுவியதும் துணியால் துடைத்து, ஓவனில் வைத்து 100 டிகிரியில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். ஆறும்வரை கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மேல்பூச்சு உரிந்து வந்தால் தட்டை மாற்றிவிடுங்கள்.

மைக்ரோவேவ் உள்ளே, பக்கச் சுவரில் இருக்கும் அட்டையிலிருந்து பொறி பறக்கிறது. (முலுண்ட்)

உடனே நிறுத்துங்கள். அந்த அட்டை மைக்கா தகடு. எண்ணெய் தெறித்துக் கருகினால் பொறி பறக்கும். கருகியிருந்தால் மாற்ற வேண்டும். ரிப்பேர் கடைகளில் அளவுக்கு வெட்டித் தருவார்கள். புதிதாக மாட்டியபின் அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்தாலே போதும். வெளிக்கூட்டை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் கபாசிட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வேலை செய்வது. பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், ஆளையே கொல்லக்கூடும்.

எலுமிச்சைத் தண்ணீர் வைத்துச் சுத்தம் செய்கிறவர்கள் கிண்ணத்தில் ஒரு மரக்கரண்டி போட்டு வையுங்கள். கொதிக்காததுபோல் இருக்கிற தண்ணீர், தொட்டதும் பொங்கி முகத்தில் அடிப்பது உண்டு. நின்றதும் இரண்டு நிமிடம் பொறுத்துத் திறங்கள்.

சுத்தம் செய்தபின் எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டலாமா? (தாணே)

கூடாது. 2000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராக மாட்டுங்கள். பிளக் தொட்டால் சுட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.