பால்பல் விழாமலே பின்னால் பல் முளைத்தால்

ஆறு வயது மகளுக்குக் கீழ் முன்பல் விழவில்லை, அதற்குள் நாக்குப் பக்கம் இன்னொரு பல் எட்டிப் பார்க்கிறது, உடனே பிடுங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், இந்த வயதில் அடிக்கடி நடப்பதுதான். கீழ் முன்பற்களின் நிரந்தரப் பல் பால்பல்லுக்குப் பின்னால்தான் உருவாகிறது. நேர் கீழிருந்து முட்டினால் பால்பல்லின் வேர் கரைந்து ஆட்டம் காணும். சற்று விலகி வந்தால் வேர் கரையாமல் நின்றுவிடும்.

சுத்தமான விரலால் பால்பல்லை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆடினால் குழந்தையே நாக்காலும் விரலாலும் தினமும் அசைக்கட்டும். நூல் கட்டி இழுக்க வேண்டாம், ஈறு கிழியும். விழுந்தபின், இடம் இருந்தால் நாக்கின் அழுத்தமே புதுப்பல்லை முன்னே தள்ளிவிடும். கொஞ்சமும் ஆடவில்லை, அல்லது இரண்டு மூன்று மாதமாகியும் விழவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை இரண்டு பல்லுக்கும் நடுவே உணவு தங்காமல் துலக்கிவிடுங்கள்.

புதுப்பல் மஞ்சளாக, விளிம்பு ரம்பம் போல இருப்பது இயல்பே. கடைவாயையும் பாருங்கள்: எந்தப் பல்லும் விழாமலே கடைசியில் முளைக்கும் பெரிய பல் நிரந்தரப் பல். பால்பல் என்று நினைத்துப் பலர் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள்.