எண்ணெய்க்குத் தேறாத லெதர் சீட்

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கினேன். டிரைவர் சீட்டில் கதவுப் பக்க மேடு வெளிறி, மெல்லிய வெடிப்பு விழுந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் இரண்டு நாள் பளபளக்கிறது, அப்புறம் பழையபடிதான். என்ன செய்யலாம்?
- ஈரோடு வாசகர்

பதில்: எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். இப்போதைய கார்களில் வரும் தோல் பெரும்பாலும் நிறம் பூசி, அதன்மேல் பாலியூரித்தேன் பூச்சும் ஏற்றியது. ஏறி இறங்கும்போது உரசித் தேய்ந்தது அந்தப் பூச்சுதான். பூச்சு இருக்கும் இடத்தில் எண்ணெய் உள்ளே இறங்காது. வெடிப்புக்குள் இறங்கினாலோ, பிறகு அடிக்கும் நிறத்தை ஒட்டவிடாது.

முதலில் அது தோல்தானா என்று பாருங்கள். உட்காரும் இடம் மட்டும் தோல், பக்கவாட்டில் ரெக்சின் என்பது சர்வசாதாரணம். ஓரத்தின் உள்பக்கம் பிசிறான நார் தெரிந்தால் தோல், துணி தெரிந்தால் ரெக்சின். செதில் செதிலாக உரியும் ரெக்சினுக்குச் செலவழிக்காதீர்கள். அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள்.

தோல்தான் என்றால், லெதர் கிளீனர் போட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால், துணியில் பிசுக்கு ஒட்டுவது நிற்கும்வரை துடையுங்கள். எண்ணெய் கண்ட சீட்டில் இதற்குத்தான் பொறுமை வேண்டும். பிறகு 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து வெடிப்பின் பிசிறை அடக்குங்கள். வெடிப்பை அடைக்கும் பசையான லெதர் ஃபில்லரை ஒரு பழைய ஏ.டி.எம். கார்டால் மெல்லிசாக இழுத்துவிட்டு, காயவிட்டு, மறுபடி இழுங்கள். மூன்று நான்கு தடவை ஆகலாம். ஒரேயடியாக அப்பினால் உட்கார்ந்து எழும்போது பிளந்துவிடும். காய்ந்ததும் 1000 நம்பர் தாளால் சமப்படுத்துங்கள்.

வாட்டர் பேஸ்டு (தண்ணீர் கலந்த) லெதர் நிறத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி, மெல்லிய பூச்சாக மூன்று முதல் ஐந்து தடவை கொடுங்கள். இடையிடையே ஹேர் டிரையர் காட்டலாம். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் மாறும் என்பதால், கண்ணில் படாத மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள். கடைசியில் மேட் டாப் கோட் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) இரண்டு தடவை. இதை விட்டால் வெள்ளை வேட்டியில் சீட்டின் நிறம் ஏறும். ஒரு நாள் உட்காரக் கூடாது. ஒரு வாரம் ஈரத்துணி படக் கூடாது.

கேள்வி: சீட்டின் பக்கவாட்டில் தையல் விட்டிருக்கிறது. தைத்துக்கொள்ளலாமா?
- கடலூர் வாசகி

பதில்: அங்கே ‘ஏர்பேக்’ (விபத்தில் விரியும் காற்றுப்பை) என்று எழுதிய லேபிள் தைத்திருந்தால் தொடாதீர்கள். பை விரியும்போது பிரிவதற்கென்றே போட்ட தையல் அது. கெட்டி நூலால் இறுக்கினால் பை தாமதமாக விரியலாம், திசை மாறியும் விரியலாம். கம்பெனி சர்வீஸில்தான் கொடுக்க வேண்டும். முழு உறை மாட்டுவோருக்கும் இதே எச்சரிக்கைதான்.

கேள்வி: ஸ்டீயரிங் தோல் பிசுபிசுக்கிறது. ஏன்?
- நாகர்கோவில் வாசகர்

பதில்: கை வியர்வையும் எண்ணெயும் படிந்ததுதான் பெரும்பாலும். கிளீனரைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போகும். போகாவிட்டால் பூச்சே இளகியிருக்கிறது. சானிடைசர் காயும்முன் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். அதிலுள்ள ஆல்கஹால் நாளடைவில் பூச்சைக் கரைக்கும்.