பினாங்கில் முதல் நாள்: தோசையா, லக்சாவா?

குன்னூரிலிருந்து வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு முதல்முறையாக வெளிநாடு போகிறோம். கோவையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து மலேசியாவின் பினாங்கு. காலையில் போய் இறங்குவோம். நானும் கணவரும், பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், சுத்த சைவமான மாமியார். முதல் நாள் தோசை, சாம்பார் என்று நம் சாப்பாட்டையே சாப்பிடுவோம், வயிறு பழகிய பிறகு உள்ளூர்ச் சாப்பாட்டைப் பார்க்கலாம் என்கிறார் கணவர். இவ்வளவு செலவு செய்து போய் முதல் வேளையே தோசையா என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் தங்கை அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் பேச்சைத்தான். உங்கள் கணவர் பயப்படுவதும் வீண் பயமல்ல. ஆனால் அவர் பயப்பட வேண்டியது சாப்பாட்டுக்கு அல்ல, வெயிலுக்கு. அதற்குப் பிறகு வருகிறேன்.

மே மாதத்தில் ஊர் உலகமெல்லாம் இ-பாஸ் எடுத்துக்கொண்டு நம் மலைக்கு ஏறி வரும்போது நீங்கள் இறங்கிப் போகிறீர்கள். புத்திசாலித்தனம். ஏறி வருகிறவர்களை நாமும் வருடா வருடம் பார்க்கிறோமே! மேட்டுப்பாளையத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் அவதிப்பட்டு, குன்னூரில் இறங்கியதும் ஃபிரைடு ரைஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். இந்த மலையில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் உண்டு என்பது தெரியாமலே திரும்பிப் போவார்கள். பினாங்குக்காரர்கள் பார்வையில் நாமும் அப்படி ஆகிவிட வேண்டாம் என்பதுதான் என் கவலை.

பினாங்கு உள்ளூர்ச் சாப்பாடு நம் நாக்குக்கு அவ்வளவு தூரமில்லை என்று உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். புளி, தேங்காய்ப்பால், மிளகாய், நெத்திலி எல்லாம் அங்கேயும் அன்றாடப் பொருள்கள். நாசி கண்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களுக்காகத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகச் சுமந்து விற்ற சாப்பாடு அது. இன்று பினாங்கு என்றாலே நாசி கண்டார் என்னும் அளவுக்குப் பெயர் பெற்றுவிட்டது. மீன் குழம்பு, கோழிக் குழம்பு, கணவாய்க் குழம்பு என்று வரிசையாக இருக்கும். 'கூவா சம்பூர்' என்று கேட்டால் எல்லாக் குழம்பிலும் கொஞ்சம் கொஞ்சம் மொண்டு சோற்றின் மேல் கலந்து ஊற்றுவார்கள். நம் வீட்டில் யாராவது அப்படிச் செய்தால் திட்டு விழும். அங்கே அப்படிக் கலந்தால்தான் ருசி. முதல் நாள் மதியத்துக்கு உங்கள் கணவரை அங்கே அழைத்துப் போங்கள். பரிமாறுகிறவரிடம் தமிழிலேயே பேசிப் பார்க்கலாம். பெரும்பாலும் தமிழிலேயே பதில் வரும்.

காலைச் சாப்பாட்டுக்கு அவசரப்படாதீர்கள். மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே எட்டு மணி என்றால் உங்கள் வயிற்றுக்கு ஐந்தரைதான். பிள்ளைகளுக்குப் பசிக்காது; பசிக்காத பிள்ளைக்குத் தேவாமிர்தத்தைக் கொடுத்தாலும் முகத்தைச் சுளிக்கும். பிறகு அந்த ஊர்ச் சாப்பாடே பிடிக்கவில்லை என்று பயணம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். பசி வந்ததும் ஒரு பொட்டலம் நாசி லெமாக் வாங்கி இருவருக்குப் பங்கிடுங்கள். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, பொரித்த நெத்திலி, வறுத்த வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, முட்டை, ஓரமாகச் சம்பல் என்னும் மிளகாய் விழுது. சம்பலைப் பெரியவர்கள் ஒதுக்கி எடுத்துக்கொண்டால் ஆறு வயதுப் பிள்ளையும் சாப்பிடும்.

இப்போது வெயில். ஆறாயிரம் அடி உயரத்தில் மே மாதத்திலும் இரவில் கம்பளி போர்த்துகிறவர்கள் நாம். கடல் மட்டத்துப் புழுக்கத்தில், அதுவும் தூக்கமில்லாத இரவுக்குப் பின் போய் நின்றால் தலை சுற்றும், வாந்தி வரும். பழி சாப்பாட்டின் மேல் விழும். நண்பகலில் அறையில் படுத்துத் தூங்குங்கள். தண்ணீரும் இளநீரும் நிறையக் குடியுங்கள். பினாங்கு மலைக்கு ரயில் போகிறதே, குளிராக இருக்குமே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அதன் உயரம் 833 மீட்டர். நமக்கு அது மலையே அல்ல. முதல் நாளை அதில் செலவழிக்காதீர்கள்.

மாமியார் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். அங்கே 'இறைச்சி இல்லை' என்று சொல்லித் தருகிற கீரைப் பொரியலிலும் பெலாசான் இருக்கும். இறாலை உப்பிட்டு நொதிக்க வைத்து அரைத்த விழுது அது. கங்கோங் கீரை வதக்கலின் மணமே அதிலிருந்துதான் வருகிறது. நாசி லெமாக்கின் சம்பலிலும் பெரும்பாலும் இருக்கும். ஆகவே அவருக்குப் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாதான் முதல் நாளுக்குச் சரி. 1833-இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. கும்பிட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் சைவ ஓட்டலில் அவர் தோசை சாப்பிடட்டும். அவர் தோசை சாப்பிட்டால் குடும்பமே தோசை சாப்பிட வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லையே! சீனப் பௌத்தர்கள் நடத்தும் சைவக் கடைகளும் உண்டு. சிலவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. ஆனால் சோயாவையும் காளானையும் கோழித்துண்டு போலவும் மீன் போலவும் செய்து வைத்திருப்பார்கள். முன்கூட்டியே சொல்லாமல் அழைத்துப் போனால் மாமியார் தட்டைப் பார்த்ததும் எழுந்துவிடுவார். அதை மறுநாளுக்கு வையுங்கள். செண்டோல் மட்டும் முதல் நாளே வாங்கிக் கொடுங்கள். சீவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், கருப்பட்டி போன்ற பனைவெல்லப் பாகு, ரம்பை இலைச் சாறு சேர்ந்த பச்சை மாவுத் துண்டுகள், சிவப்புப் பயறு. மறுக்கமாட்டார்.

மாலையில் தெருவோரக் கடைகள் கூடும் இடத்துக்குப் போங்கள். கர்னி டிரைவ் எல்லாருக்கும் தெரிந்தது. லோரோங் பாரு சின்னது, எனக்கு அதுதான் பிடிக்கும். ஒரு மேசையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொருவரும் வேறு வேறு கடையில் சொல்லிவிட்டு வரலாம். தட்டு மேசைக்கு வந்ததும் காசு கொடுக்க வேண்டும். சாப்பாடு எந்தக் கடையில் வாங்கினாலும், மேசை போட்டவரிடம் ஆளுக்கு ஒரு பானமாவது வாங்குவது அங்கே மரியாதை. சாப்பாட்டுக்குக் கணவருக்கு ஒரு கடை, உங்களுக்கு ஒரு கடை, சண்டைக்கே இடமில்லை.

அங்கேதான் நீங்கள் அசாம் லக்சா சாப்பிட வேண்டும். காணாங்கெளுத்தி போன்ற மீனை வேகவைத்து உதிர்த்து, புளி கரைத்துக் கொதிக்கவைத்த ரசம். அதில் இடியாப்பத்தைவிடத் தடித்த அரிசி நூடுல்ஸ். மேலே புதினா, வெங்காயம், அன்னாசித் துண்டு, இஞ்சி வகைச் செடி ஒன்றின் இளஞ்சிவப்பு மொட்டை மெல்லியதாக நறுக்கியது. கூடவே ஒரு கரண்டியில் கறுப்பாக இறால் விழுது வரும். அதை எடுத்த எடுப்பில் கலக்காதீர்கள். முதலில் வெறும் ரசத்தைக் குடித்துப் பாருங்கள். நம் மீன் புளிக்குழம்பின் ஒன்றுவிட்ட தங்கை என்று தெரிந்துவிடும். பிறகு விழுதைக் கொஞ்சமாகக் கலந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒரு கிண்ணம்தான்.

பிள்ளைகளுக்குச் சார் குவே தியாவ்: பட்டையான அரிசி நூடுல்ஸைப் பெருந்தீயில் இறாலோடும் முட்டையோடும் புரட்டித் தருவது. மிளகாய் வேண்டாம் என்பதோடு சிப்பியும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை அரைவேக்காட்டில்தான் போடுவார்கள். சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். நீங்கள் சாப்பிடாதவர்கள் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மே மாதக் கடைசி என்றால் டுரியான் வரத் தொடங்கியிருக்கலாம். நாம் பர்லியாறு வழியாகப் போகிறபோது மங்குஸ்தானையும் டுரியானையும் பார்த்திருப்பதால் பிள்ளைகள் மிரளமாட்டார்கள். கடை வாசலிலேயே சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வாருங்கள். டுரியானை அறைக்குள் எடுத்துவர ஓட்டல்காரர்கள் விடமாட்டார்கள். தோலின் கறைக்குப் பயந்து மங்குஸ்தானையும் தடுக்கிற ஓட்டல்கள் உண்டு.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை. அந்த ஊரில் எல்லாவற்றிலும் இனிப்பு என்கிறார்களே, டீக்கு என்ன செய்வது?
– வாசகர், கூடலூர்

பதில்: 'தே தாரேக்' என்னும் பால் டீ பக்கமே போகவிடாதீர்கள். டின் பாலின் இனிப்பு ஏற்கெனவே அதில் இருக்கிறது. 'தே ஓ கோசோங்' என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத டீ வரும். காப்பி என்றால் 'கோப்பி ஓ கோசோங்'. ஆனால் அங்கே காப்பிக்கொட்டையை வறுக்கும்போதே சர்க்கரை சேர்க்கும் வழக்கம் உண்டு என்பதால் நான் டீயைத்தான் சொல்வேன். நீலகிரி டீ குடித்து வளர்ந்தவருக்கு அந்த டீ கஷாயமாகத் தோன்றும். வெந்நீர் கேட்டு வாங்கிக் கலந்துகொள்ளட்டும்.

கேள்வி: அங்கிருக்கும் உறவினருக்கு ஊட்டி வர்க்கி கொண்டுபோகலாமா?
– வாசகி, ஊட்டி

பதில்: தாராளமாக. பேக்கரியில் மூடி ஒட்டிய பாக்கெட்டாக வாங்குங்கள். பழம், காய்கறி, இறைச்சி எதுவும் வேண்டாம். விமான நிலையத்தில் எடுத்துவைத்துவிடுவார்கள். வர்க்கியைக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டால் தூளாகத்தான் போய்ச் சேரும்.