டோட்டல் கவுண்ட் மட்டும் போதாது: வெள்ளையணுக்கள் பற்றிய கேள்வி பதில்

ரத்த ஸ்லைடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் அன்றாட வேலை. வெள்ளையணுக்களைப் பற்றிப் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். உங்கள் நோய் இன்னதென்று ரிப்போர்ட்டை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல முடியாது. அது உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரின் வேலை. அந்த எண்களுக்குப் பின்னால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை விளக்குகிறேன். ரிப்போர்ட்டில் வரும் நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட், மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில் எல்லாம் வெள்ளையணுக்களின் வகைகள். டோட்டல் கவுண்ட் என்பது இவை எல்லாவற்றின் மொத்த எண்ணிக்கை.

கேள்வி: மேடம், மூன்று நாளாகக் காய்ச்சல். டோட்டல் கவுண்ட் 14,200, நியூட்ரோஃபில் 84%, லிம்ஃபோசைட் 10%. லிம்ஃபோசைட் குறைவு என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இரண்டு பிரச்சினையா?

இல்லை, ஒன்றுதான். பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் 4,000 முதல் 11,000 வரை இருப்பது வழக்கம். உங்களுக்குக் கூடியிருக்கிறது. எது கூடியது என்று தெரிய, சதவீதத்தை டோட்டலோடு பெருக்கிப் பாருங்கள். 14,200-ல் 84% என்றால் நியூட்ரோஃபில் ஏறக்குறைய 12,000. வழக்கமாக 2,000 முதல் 7,000-க்குள் இருக்க வேண்டியது. லிம்ஃபோசைட்டைப் பெருக்கினால் 1,420 வருகிறது, அது சரியான அளவுதான். நியூட்ரோஃபில் அதிகமாகப் பெருகியதால் லிம்ஃபோசைட்டின் பங்கு சிறுத்துத் தெரிகிறது, அவ்வளவே. சதவீதத்தைப் பார்த்து மட்டும் பயப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு விளக்கம்.

காய்ச்சலோடு இப்படி இருந்தால் பாக்டீரியா தொற்றைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். ஸ்லைடில் இன்னும் இரண்டு தடயம் தேடுவோம். முதிர்ந்த நியூட்ரோஃபிலின் உட்கரு மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்திருக்கும். தேவை கூடும்போது எலும்பு மஜ்ஜை இளம் செல்களையும் வெளியே அனுப்பிவிடும். அவற்றின் உட்கரு பிரியாமல் வளைந்த பட்டைபோல இருக்கும். இன்னொன்று, செல்லுக்குள் வழக்கத்தைவிடக் கருத்த, தடித்த துகள்கள். இவை இரண்டும் இருந்தால் உடம்பு ஒரு தொற்றோடு மும்முரமாகப் போராடுகிறது என்று எழுதுவோம். கடும் உடற்பயிற்சி, மன அழுத்தம், கர்ப்பம் ஆகியவற்றிலும் நியூட்ரோஃபில் கூடும். ஆனால் மூன்று நாள் காய்ச்சல் இருக்கும்போது அந்தக் காரணங்களை நினைத்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் நர்ஸிங் மாணவி. நியூட்ரோஃபில் கிருமியை விழுங்கும் என்று புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் செல்லுக்குக் காலில் முள் குத்தியது எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி அம்மா. செய்தி முதலில் காயத்திலிருந்துதான் கிளம்புகிறது. தோலுக்கடியில் ஏற்கெனவே குடியிருக்கும் காவல் செல்களான மேக்ரோஃபேஜ்களும் மாஸ்ட் செல்களும் கிருமியின் சுவரை அடையாளம் கண்டு ரசாயனங்களைச் சுரக்கின்றன. அதனால் பக்கத்து ரத்தக் குழாய் விரிகிறது. அதன் உட்சுவரில் ஒட்டும் தன்மையுள்ள புரதங்கள் முளைக்கின்றன. வேகமாகப் போய்க்கொண்டிருந்த நியூட்ரோஃபில் அதில் தட்டுப்பட்டு, சுவரோரமாக மெல்ல உருள ஆரம்பிக்கிறது. அப்புறம் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது, தட்டையாகிறது. சுவரின் இரண்டு செல்களுக்கு இடையே உள்ள இடுக்கில் உடம்பை நுழைத்து வெளியே வருகிறது. மடல் மடலான உட்கரு இந்த நெருக்கலில் எளிதாக வளைந்து கொடுக்கும்.

வெளியே வந்ததும் ரசாயனம் எந்தப் பக்கம் அடர்த்தியோ அந்தப் பக்கம் ஊர்ந்து போகிறது. 1950-களில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராஜர்ஸ் எடுத்த ஒரு படச்சுருள் உண்டு. சிவப்பணுக்களின் நடுவே ஒரு ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா தப்பித்துப் போகிறது. நியூட்ரோஃபில் திசை மாற்றி மாற்றித் துரத்திக் கடைசியில் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இணையத்தில் கிடைக்கும், பாருங்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு குறையவில்லை.

விழுங்கியதும் வேலை முடிந்துவிடாது. கிருமி இருக்கும் பைக்குள் துகள்களில் உள்ள நொதிகள் கொட்டப்படுகின்றன. ஆக்ஸிஜனிலிருந்து சூப்பராக்ஸைடும், பிறகு ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாகின்றன. சூப்பராக்ஸைடு உண்டாக்கும் திறன் பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய நியூட்ரோஃபில் விழுங்கும், ஆனால் பல கிருமிகளைக் கொல்ல முடியாது. அதனால் தொற்று திரும்பத் திரும்ப வரும். விழுங்குவது வேறு, கொல்வது வேறு என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். இன்னொரு வழியை 2004-ல்தான் கண்டுபிடித்தார்கள்: நியூட்ரோஃபில் தன் டிஎன்ஏவையே வெளியே விரித்து வலையாக்கி, அதில் கிருமிகளைச் சிக்க வைக்கிறது.

இந்தச் செல்களுக்கு ஆயுள் மிகக் குறைவு. ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது.

கேள்வி: அப்படியென்றால் சீழ் என்பது?

பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்கள்தான். கூடவே செத்த கிருமி, சிதைந்த திசு. பச்சை நிறம் நியூட்ரோஃபிலில் உள்ள மைலோபெராக்ஸிடேஸ் என்ற நொதியால் வருவது. பிதுக்காதீர்கள், தொற்று ஆழமாகப் பரவும்.

கேள்வி: மோனோசைட்டும் மேக்ரோஃபேஜும் ஒன்றா?

ரத்தத்தில் இருக்கும்வரை மோனோசைட். ஓரிரு நாளில் திசுவுக்குள் போய்ப் பெருத்து மேக்ரோஃபேஜ் ஆகிறது. நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற இடங்களில் உள்ள மேக்ரோஃபேஜ்களில் பல, நாம் கருவில் இருந்தபோதே அங்கே போய்க் குடியேறியவை. நியூட்ரோஃபில் வந்து, அடித்து, சாகும். மேக்ரோஃபேஜ் நிலைத்து நின்று விழுங்கும், செத்த நியூட்ரோஃபில்களை அப்புறப்படுத்தும், காயம் ஆறவும் உதவும்.

1882-ல் இத்தாலியின் மெஸ்ஸினாவில் விலங்கியல் ஆய்வாளர் எலீ மெச்னிகாஃப், கண்ணாடிபோலத் தெளிவான நட்சத்திர மீன் லார்வாவுக்குள் ரோஜா முள்ளைச் செருகிப் பார்த்தார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றி அசையும் செல்கள் மொய்த்திருந்தன. விழுங்கும் செல்கள்தான் உடலைக் காக்கின்றன என்ற கருத்து அங்கே பிறந்தது. 1908-ல் பால் எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மேக்ரோஃபேஜை ஏமாற்றவும் கிருமிகளுக்குத் தெரியும். காசநோய்க் கிருமி விழுங்கப்பட்ட பிறகு அதற்குள்ளேயே உயிரோடு இருக்கும், பெருகும். காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருப்பதற்கு, இப்படி ஒளிந்து உறங்கும் கிருமிகளும் ஒரு காரணம்.

கேள்வி: என் 6 வயது மகனுக்கு இருமல், இரவில் இழுப்பு. டோட்டல் 9,000, ஈசினோஃபில் 11%. சளித் தொற்றா?

பெருக்கினால் 990. 500-க்கு மேல் போனால் கூடுதல் என்போம். பாக்டீரியாவை எதிர்ப்பது ஈசினோஃபிலின் முதன்மையான வேலை இல்லை. விழுங்க முடியாத அளவு பெரிய புழுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு நச்சுப் புரதங்களைக் கொட்டுவதுதான் அதன் தனித்திறன். ஒவ்வாமையில் அதே புரதங்கள் மூச்சுக்குழாயின் உட்பரப்பைப் புண்படுத்துகின்றன. இழுப்பும் இருப்பதால் ஆஸ்துமா, குடற்புழு இரண்டையும் மருத்துவர் யோசிப்பார். ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: பேசோஃபில் 0% என்று இருக்கிறது. ஒன்றுமே இல்லையா?

கவலை வேண்டாம். அது எப்போதுமே 1%-க்கும் குறைவு, நூறு செல் எண்ணும்போது ஒன்றுகூட அகப்படாமல் போவது சகஜம்.

கேள்வி: வைரஸ் செல்லுக்குள்ளே புகுந்து ஒளிந்துகொள்கிறதே, அதை எந்த வெள்ளையணு பிடிக்கும்?

நம் செல்கள் தமக்குள் தயாராகும் புரதங்களின் துணுக்குகளை வெளிப்புறத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். வைரஸ் புகுந்தால் அதன் துணுக்கும் அங்கே தென்படும். லிம்ஃபோசைட்டில் ஒரு வகையான கொல்லும் டி செல் அதைக் கண்டுகொண்டு, அந்தச் செல்லில் துளைபோட்டு நொதியைச் செலுத்தும். செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். சில வைரஸ்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இந்தக் காட்சிப்படுத்தலையே நிறுத்திவிடும். அங்கேதான் இயற்கைக் கொல்லி எனப்படும் என்கே செல் வருகிறது. காட்ட வேண்டியதைக் காட்டாத செல்லைச் சந்தேகித்துக் கொல்வது அதன் முறை. ஒன்றிடமிருந்து தப்பினால் இன்னொன்றிடம் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: டி செல், பி செல் என்று படிக்கும்போதெல்லாம் குழம்புகிறது அக்கா. இவ்வளவு இருந்தும் ஏன் ஒரு வாரம் படுக்க வேண்டியிருக்கிறது?

லிம்ஃபோசைட் என்று ரிப்போர்ட்டில் ஒரே பெயரில் வருவதால்தான் குழப்பம். ஸ்லைடில் எனக்கும் இரண்டும் ஒரேமாதிரிதான் தெரியும்: செல்லை முழுக்க அடைத்த உருண்டையான கரும்ஊதா உட்கரு, சுற்றிலும் மெல்லிய நீல விளிம்பு. வேலைதான் வேறு. பி செல், கிருமியில் ஒட்டிக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடியை உண்டாக்கும் பிளாஸ்மா செல்லாக மாறும். ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடிகளை வெளியிடும். டி செல்லில் ஒரு வகை நேரடியாகக் கொல்லும். உதவும் டி செல் என்னும் சிடி4 வகை மற்ற எல்லோரையும் முடுக்கிவிடும். எச்ஐவி அழிப்பது இந்த சிடி4-ஐத்தான். வழக்கமாக 500-க்கு மேல் இருக்கும் அது 200-க்குக் கீழே போனால், சாதாரணமாக ஒன்றும் செய்யாத கிருமிகள்கூட உயிருக்கு ஆபத்தாகின்றன.

நியூட்ரோஃபில் எந்தக் கிருமியானாலும் பாயும். லிம்ஃபோசைட் அப்படியில்லை, ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்துக்கு மட்டும் பொருந்தும். மரபணுத் துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்துக் கோடிக்கணக்கான வடிவங்களை உடம்பு முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது. ஆன்டிபாடிகளில் இதைக் கண்டறிந்த சுசுமு டோனெகாவாவுக்கு 1987-ல் நோபல் கிடைத்தது. புதிதாக வந்த கிருமிக்குப் பொருந்தும் டி செல் லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அதைத் தேடிப்பிடிக்க வேண்டும். ரால்ஃப் ஸ்டைன்மன் 1973-ல் அடையாளம் காட்டிய டென்ட்ரிடிக் செல், கிருமியின் துணுக்கை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போகும். அங்கே வந்து போகும் டி செல்களுக்கு அதைக் காட்டும். பொருந்தியது கிடைத்ததும் அது இரண்டாகி, நான்காகி, நாலைந்து நாளில் ஆயிரக்கணக்கில் பெருகும். நீங்கள் படுத்திருக்கும் அந்த ஒரு வாரம் இதற்குத்தான் போகிறது.

இத்தனை வடிவங்களில் நம் உடம்பையே தாக்கக்கூடியவையும் இருக்குமே என்று தோன்றும். இருக்கும். தைமஸ் சுரப்பியில் நடக்கும் சோதனையில் டி செல்களில் பெரும்பாலானவை கழிக்கப்படுகின்றன. தப்பி வருபவற்றை அடக்கி வைக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உண்டு. 2025 மருத்துவ நோபல், ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் இந்தத் துறையில்தான் கிடைத்தது.

கேள்வி: தொண்டை வலிக்கும்போது கழுத்தில் நெறி கட்டுவதும் இதனால்தானா?

ஆமாம், கழுத்தில் உள்ள நிணநீர்க் கணுக்களில் லிம்ஃபோசைட்கள் பெருகுவதன் வீக்கம்தான் அது. தொற்று போனதும் வடியும். வலியே இல்லாமல், கெட்டியாக, சில வாரம் ஆகியும் வடியாத கட்டி என்றால் கட்டாயம் காட்டுங்கள்.

கேள்வி: ஒருமுறை வந்த நோயை உடம்பு எத்தனை வருடம் நினைவில் வைத்திருக்கும்?

நோயைப் பொறுத்தது. தட்டம்மைக்கு ஏறக்குறைய ஆயுள் முழுக்க. வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1781-ல் தட்டம்மை பரவியது. பிறகு 65 வருடம் அங்கே அந்த நோயே இல்லை. 1846-ல் மறுபடி வந்து மக்களில் பெரும்பாலோரைத் தாக்கியபோது, டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானம் அதை ஆராய்ந்தார். 1781-ல் நோய் கண்டு பிழைத்த முதியவர்களுக்கு அது திரும்ப வரவில்லை. நினைவு லிம்ஃபோசைட்களும், மஜ்ஜையில் நெடுங்காலம் வாழும் பிளாஸ்மா செல்களும் செய்யும் வேலை இது. தடுப்பூசி, நோயின் ஆபத்து இல்லாமல் இதே நினைவைத் தருகிறது.

தட்டம்மை இந்த நினைவு செல்களையே தாக்கும். மற்ற நோய்களுக்கு எதிராகச் சேர்த்து வைத்த ஆன்டிபாடிகளில் கணிசமான பங்கைக் குழந்தைகள் தட்டம்மையால் இழந்ததை 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. தட்டம்மைத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

கேள்வி: டெங்குவில் வெள்ளையணு 2,600 ஆகிவிட்டது. தொற்று இருந்தால் அதிகரிக்க வேண்டாமா?

எல்லாத் தொற்றிலும் வெள்ளையணு அதிகரிக்காது. டெங்கு வைரஸ் எலும்பு மஜ்ஜையின் உற்பத்தியைத் தற்காலிகமாக மந்தப்படுத்தும். டைஃபாய்டிலும் குறையலாம். டெங்குவில் இந்தக் குறைவு பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். கவனிக்க வேண்டியது காய்ச்சல் இறங்கும் நேரம். அப்போது வயிற்று வலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு, சோர்ந்து மயங்கிக் கிடப்பது என்று எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: வெள்ளையணு அதிகரிக்க என்ன சாப்பிடலாம்?

அளவு சரியாக இருப்பவருக்குக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. குறைந்திருந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்குக் கீமோ கொடுத்துப் பத்து நாள். நியூட்ரோஃபில் 400. வீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

தெர்மாமீட்டரைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காய்ச்சல் மாத்திரை கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்றால், சிவப்பு, வீக்கம், சீழ் எல்லாம் வர நியூட்ரோஃபில் வேண்டும். அது இல்லாததால் பெரிய தொற்றுகூட வெளியே அடையாளம் காட்டாது. காய்ச்சல் ஒன்றுதான் எச்சரிக்கையாக இருக்கும். கீமோ முடிந்து 7 முதல் 14 நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போய், பிறகு ஏறும். மஜ்ஜையைத் தூண்டும் ஊசி தேவையா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். எல்லோரும் கை கழுவிவிட்டு அவரிடம் போங்கள்.

கேள்வி: நான் ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறேன். டோட்டல் 15,000 என்று ஏறியிருக்கிறது. ஆனால் தொற்று எளிதாக வரும், ஜாக்கிரதை என்கிறார் டாக்டர். வெள்ளையணு கூடினால் பாதுகாப்பும் கூட வேண்டாமா?

ரத்தக் குழாய்களில் உள்ள நியூட்ரோஃபில்களில் ஏறக்குறைய பாதி எப்போதும் சுவரோரமாகத்தான் இருக்கும். ஊசியில் எடுக்கும் ரத்தத்தில் அவை வராது. ஸ்டீராய்டு அவற்றைச் சுவரிலிருந்து கழற்றி ஓட்டத்தில் சேர்த்துவிடுகிறது, மஜ்ஜையிலிருந்தும் கூடுதலாக வெளியே வரவைக்கிறது. அதனால் எண்ணிக்கை ஏறுகிறது. ஆனால் சுவரில் ஒட்டாத செல் காயத்துக்குள் நுழைய முடியாது. லிம்ஃபோசைட்டும் குறைந்துபோகும். உங்கள் டாக்டர் சொன்னது சரி. சிறு காய்ச்சல், ஆறாத புண் எதையும் அவரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி உடனே ஈடுகொடுக்காது.